சாப்பாடு பகையாகிப்போன வீடுகள்: பார்த்தவர்கள், பட்டவர்கள் பகிர்வது

நெல்லைச் சித்தி:

அக்கா மகளைப் பற்றி எழுதுகிறேன், அவளிடம் கேட்டுவிட்டுத்தான்.

அந்த வருஷத் தீபாவளிக்கு மொத்தப் பலகாரமும் அவள் கைதான். முறுக்கு பிழிந்தாள், அதிரசத்துக்குப் பாகு பதம் பார்த்தாள், தெரு முழுக்கத் தட்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு விள்ளல்கூட அவள் வாய்க்குப் போகவில்லை. ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு போனில் சமையல் வீடியோ. ஒரு நோட்டு நிறைய சமையல் குறிப்பு. சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர். ‘இத்தனை ஆசை இருக்கு, சாப்பிட மட்டும் என்ன அடம்?’ என்று வீட்டில் எல்லாரும் அவளை ஏசினார்கள்.

அதற்குள் கேஸ் டிரபிள் என்று எண்டோஸ்கோபி, தைராய்டு டெஸ்ட், மாதவிலக்கு நின்றதற்கு மாத்திரை, திருஷ்டி கழிப்பு எல்லாம் பார்த்தாயிற்று. ‘குண்டாயிருவேன்’ என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. ‘வயிறு கம்முனு இருக்கு, இறங்கல’ என்பாள். இது அனோரெக்ஸியா, உடம்பு வற்றும் அளவுக்குச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் மனநோய். எடை கூடும் பயத்தைச் சொல்லாமல் வயிற்றைக் காட்டும் இந்த வகையைப் பற்றி ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990களிலேயே எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது தெரியவந்தபோது அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை.

மனநல மருத்துவர் அந்தச் சமையல் நோட்டைப் புரட்டிவிட்டு, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944இல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் தொடங்கிய பட்டினி ஆய்வைச் சொன்னார். போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் ஏறக்குறைய பாதிச் சாப்பாட்டில் இருந்தார்கள். அவர்களும் சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள். பேச்சு முழுக்கச் சாப்பாடு. ஒரே தட்டை மணிக்கணக்கில் வைத்து அளைந்தார்கள். உடம்பு குளிர்ந்தது, எரிந்து விழுந்தார்கள். எந்த மனநோயும் இல்லாதவர்களையே பட்டினி இப்படி ஆக்குமென்றால், எங்கள் பிள்ளையின் ‘அடம்’ பாதிக்கு மேல் பசியின் வேலைதான். அக்கா அன்றைக்குத்தான் அவளைத் திட்டுவதை நிறுத்தினாள்.

எப்படி ஆரம்பித்தது என்றால், பிளஸ் டூவில் டைபாய்டு வந்து மெலிந்தாள். அப்புறம் போன கல்யாண வீட்டிலெல்லாம் ‘இப்பத்தான்டி அழகா இருக்க’ என்றார்கள். காய்ச்சலில் இளைத்த உடம்புக்குப் பாராட்டு! அவளுக்கோ எதிலும் ஒரு மார்க் குறையக்கூடாது. அதே வீடு, அதே அத்தைமார், அதே பேச்சுதான் அவள் தங்கைக்கும். தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இதில் ஏறக்குறையப் பாதிப் பங்கு மரபணுவுக்கு என்கின்றன. அதனால் அம்மா வளர்ப்பு என்று ஒரே இடத்தில் பழி போடாதீர்கள். ஆனால் அடுத்தவர் உடம்பைப் பற்றிப் பேசுவதையாவது நிறுத்தலாம், அது நம் கையில் இருக்கிறது.

சிகிச்சை ஆஸ்பத்திரியில்தான் தொடங்கியது. நாள்பட்ட பட்டினிக்குப் பிறகு சட்டென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி இதயமே நின்றுபோகலாம், அதனால் ரத்தம் பார்த்துப் பார்த்து மெதுவாகக் கூட்டினார்கள். வீட்டுக்கு வந்தபின் மூன்று வேளையும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அழுவாள், கத்துவாள். ‘சரிம்மா, கோவப்படு. இந்த இட்லிய முடிச்சுட்டுக் கோவப்படு’ என்பாள் அக்கா.

ஈரோட்டிலிருந்து, பல் கிளினிக்கில் வேலை செய்பவர்:

எங்களிடம் வந்த காலேஜ் பெண் ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. பல் கூச்சம் என்று அம்மாவோடு வந்தாள். மேல்வரிசை முன்பற்களின் உள்பக்கம் எனாமல் கரைந்திருந்தது. டாக்டர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ‘அடிக்கடி வாந்தி வருதாம்மா?’ என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் அழுதாள். புலிமியா, அதாவது அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்தோ வேறு வழியிலோ அதை ஈடுகட்டப் பார்க்கும் நோய். பார்வைக்கு நன்றாகத்தான் இருப்பார்கள், பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும். அன்றே ரத்தப் பரிசோதனைக்கும் மனநல மருத்துவரிடமும் அனுப்பினோம்.

சென்னை, இரவுப்பணிக்காரர்:

ஆண்களுக்கும் வரும், எனக்கு வந்தது. பகலெல்லாம் டயட், ராத்திரி யாரும் இல்லாதபோது வயிறு வலிக்கும்வரை நிறுத்த முடியாமல் சாப்பாடு, அப்புறம் வெட்கம். மின்னசோட்டா பட்டினி ஆய்வில் இருந்தவர்களில் சிலரும் ஆய்வு முடிந்தபின் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள் என்று பிறகு படித்தேன். இப்படி அடக்க முடியாமல் அளவுமீறிச் சாப்பிடுவதை (பிஞ்ச் ஈட்டிங்) தனி நோயாகவே 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எனக்குச் சொன்ன முதல் வைத்தியமே காலை டிபனை விடாதே என்பதுதான். நேரத்துக்குச் சாப்பிடத் தொடங்கியதும் ராத்திரி வெறி தணிய ஆரம்பித்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416க்கு அடியுங்கள். அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம். நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.