ஐயா கொண்டுவந்த பித்தளைத் தொலைநோக்கியில் வியாழனின் நிலவுகள் தெரியுமா?

தேவகோட்டைப் பையன்:
வீட்டில் பெட்டகசாலையை ஒதுங்க வைக்கும்போது, எங்கள் ஐயா பர்மாவில் இருந்து கொண்டுவந்த பித்தளைத் தொலைநோக்கி ஒன்று கிடைத்தது. அப்பத்தா அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார்கள். கலிலியோ இதைவிடச் சுமாரான குழாயில் வியாழனின் 4 நிலவுகளைப் பார்த்தார் என்று படித்துவிட்டு, ராத்திரி மொட்டை மாடியில் நின்று நானும் பார்த்தேன். வியாழன் மின்மினிப் பூச்சி மாதிரி ஆடுகிறது, நிலவு ஒன்றையும் காணோம். குழாய் கோளாறா, என் கண் கோளாறா?

மொட்டைமாடி (காரைக்குடி):
கை கோளாறு தம்பி. குழாய் 20 மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கத்தையும் 20 மடங்காக்கித்தான் காட்டும். கைப்பிடிச் சுவர் மேல் சின்ன அரிசிப் பையை வைத்து, குழாயை அதில் பதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். அப்புறம், அந்தப் புளி லென்ஸில் பட்டிருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள், எங்கள் வீட்டில் ஒரு பைனாகுலர் அப்படித்தான் போனது. பகலில் தப்பித்தவறியும் சூரியன் பக்கம் திருப்ப வேண்டாம்.

பேரேடு:
தொலைநோக்கியைக் கலிலியோ கண்டுபிடிக்கவில்லை. 1608லேயே ஹாலந்தில் லிப்பர்ஹே என்ற மூக்குக்கண்ணாடி செய்பவர் அதற்கு உரிமை கேட்டு மனுப் போட்டார். செய்தி காதில் விழுந்ததும் கலிலியோ தானே லென்ஸ் தேய்க்க உட்கார்ந்து, 3 மடங்கில் தொடங்கி 20 மடங்கு வரை கொண்டுபோனார். அதிலும் முழு நிலா ஒரே பார்வையில் அடங்காது, அவ்வளவு குறுகல்.

1610 ஜனவரி 7, இத்தாலியில் பதுவா ஊர். வியாழன் பக்கத்தில் 3 புள்ளிகள், கிழக்கே 2, மேற்கே 1. ஏதோ நட்சத்திரம் என்றுதான் அவரும் நினைத்தார். மறுநாள் மூன்றும் மேற்கே. 9ஆம் தேதி மேகம். 10ஆம் தேதி இரண்டுதான், இரண்டும் கிழக்கே. 13ஆம் தேதி நாலாவது தலைகாட்டியது. நம் கடைகளில் பெட்டியடிப் பையன்கள் அன்றன்றைய வரவு செலவை எழுதினார்களே, அதேபோல் விடாமல் குறித்து வைத்தார், அதுவும் வெனிஸ் ஆட்சித் தலைவருக்கு எழுதிய ஒரு கடித நகலின் கீழ்ப்பாதியில். ஒரு ராத்திரி மட்டும் பார்த்தவனுக்கு அது வெறும் 3 புள்ளி. வரிசையாக எழுதினவருக்குத்தான், இவை வியாழனைச் சுற்றுகின்றன என்று பிடிபட்டது.

ஆத்தங்குடி டீச்சர்:
சரி, அதனால் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டுமே! பூமி சூரியனைச் சுற்றினால் நிலாவைப் பின்னால் விட்டுவிடாதா என்று, பூமிதான் சுற்றுகிறது என்ற கோப்பர்நிகஸ் கட்சிக்காரர்களை மடக்கிக்கொண்டிருந்தார்கள். வியாழன் நாலைக் கூட்டிக்கொண்டு போகிறதே என்றதும் அந்த வாதம் படுத்துவிட்டது. அதே ஆண்டு வெள்ளியும் பிறை போலத் தேய்ந்து வளர்வதைப் பார்த்தார்.

ஆனால் மனிதர் விவரமானவர். அந்த நிலவுகளுக்கு ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்தின் பெயரை வைத்து, அதே ஆண்டு அவர்கள் அரசவையில் வேலையும் வாங்கிவிட்டார். அயோ, யூரோப்பா, கேனிமீட், கலிஸ்டோ என்ற பெயர்களை வெளியிட்டவர் சைமன் மாரியஸ் என்ற ஜெர்மன் வானியலாளர். சனியில் கலிலியோ சறுக்கினார், வளையம் என்று தெரியாமல் மூன்று உருண்டைகள் என்றார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633இல் திருச்சபை விசாரணை, அப்புறம் 1642இல் கண் மூடும்வரை வீட்டுச் சிறை. கடைசியில் பார்வையும் போய்விட்டது.

தேவகோட்டைப் பையன்:
எல்லோருக்கும் நன்றி. அரிசிப் பை வேலை செய்தது! முதல் நாள் மேற்கே 2, கிழக்கே 1. அடுத்த நாள் கிழக்கே 2 மட்டும், இன்னொன்று வியாழன் பின்னால் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டையும் நோட்டில் வரைந்து வைத்தேன். இன்று ஒரே மேகம், அப்பத்தா அரிசிப் பையைத் திருப்பிக் கேட்கிறார்கள்.