ஆச்சியின் பெயர் வாரிசுச் சான்றிதழில் இருக்கிறது, ஆச்சி இப்போது இல்லை. வீட்டை வாங்கலாமா?

கேட்பவர்: பாளை தபால்காரி

வணக்கம். தபால் நிலையத்தில் 22 ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். அடுத்தவர் கடிதத்துக்கு முத்திரை குத்தியே காலம் போய்விட்டது. சொந்தமாக ஒரு கதவு எண் வேண்டும் என்று ஆசை. பாளையங்கோட்டையில் மூன்றரை சென்ட் நிலத்தில் ஒரு பழைய வீடு, 54 லட்சம் சொல்கிறார்கள். கிணறும் முருங்கையும் இருப்பதால் என் மனம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

வீட்டை 1987இல் கிரயம் வாங்கியவர் உயில் எழுதாமல் 2009இல் இறந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழில் ஐந்து பெயர்கள்: மனைவி, இரண்டு மகன்கள், மஸ்கட்டில் இருக்கும் மகள், தாயார். அந்தத் தாயார், வீட்டில் எல்லாரும் ஆச்சி என்கிறார்கள், 2014இல் காலமாகிவிட்டார். "இறந்தவருக்கு ஏது பங்கு? நான்கு பேர் கையெழுத்து போதும்" என்கிறார் பத்திர எழுத்தர்.

வில்லங்கச் சான்றிதழில் 2003ஆம் ஆண்டு வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கிய பதிவு இன்னும் நிற்கிறது. கடனை 2007லேயே கட்டி முடித்ததாக வங்கி கொடுத்த கடிதத்தை இறந்தவரின் மனைவி மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அசல் பத்திரமும் அதே பையில்தான் இருந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்திருந்தாலும் முத்திரையும் கைரேகையும் தெளிவாகத் தெரிந்தன.

நானும் வங்கிக் கடன்தான் வாங்கப் போகிறேன். "வங்கி வக்கீல் எப்படியும் பார்ப்பார், நாம் தனியாக ஒருவருக்கு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?" என்கிறார் என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்து, 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதாகப் பேச்சு. கொடுக்கலாமா?

பதில் 1: கருப்பு அங்கி, தூத்துக்குடி

ஞாயிற்றுக்கிழமை பணம் கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

இரண்டு கேள்விகள். விற்பவர்கள் இந்துக்களா? பாளையங்கோட்டை என்பதால் கேட்கிறேன். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கும்போது தாயாருக்குப் பங்கே கிடையாது, உங்கள் கவலையும் அங்கேயே தீர்ந்தது. அடுத்து, இறந்துபோனவர் ஆச்சிக்கு ஒரே பிள்ளையா?

பாளை தபால்காரி:

இந்துக்கள்தான் ஐயா. ஆச்சியின் கணவர் முன்பே போய்விட்டாராம். இறந்தவருக்கு ஒரு தம்பி தென்காசியிலும் ஒரு தங்கை அம்பாசமுத்திரத்திலும் இருக்கிறார்கள். பேச்சுவார்த்தை அவ்வளவாக இல்லை என்று கேள்வி.

கருப்பு அங்கி, தூத்துக்குடி:

நினைத்தேன். இனி கணக்கைப் பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள், தாயார் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள், எல்லாருக்கும் சம பங்கு. 2009இல் அவர் கண் மூடிய அன்றே ஆச்சிக்கு ஐந்தில் ஒரு பங்கு வந்துவிட்டது; அவர் கேட்டாரா, பட்டாவில் பெயர் ஏறியதா என்பதெல்லாம் பொருட்டில்லை. 2014இல் ஆச்சி உயில் இல்லாமல் இறந்திருந்தால் அந்தப் பங்கு மருமகளிடம் திரும்பி வராது. ஆச்சியின் மூன்று பிள்ளைகளின் கிளைகளுக்கும் பிரியும்: தென்காசித் தம்பிக்குப் பதினைந்தில் ஒன்று, அம்பாசமுத்திரம் தங்கைக்குப் பதினைந்தில் ஒன்று, இறந்த மகனின் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பதினைந்தில் ஒன்று.

தம்பி, தங்கை இருவருக்கும் சேர்த்து 54 லட்சத்தில் பதினைந்தில் இரண்டு என்றால் 7,20,000 ரூபாய். அந்த நான்கு பேர் கையெழுத்துப் போட்டாலும் இந்தப் பங்கு உங்களுக்கு வராது. நாளைக்கு அந்தத் தங்கையின் மகன் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் பத்திர எழுத்தர் கூண்டில் வந்து நிற்க மாட்டார்.

வழி இருக்கிறது. ஆச்சிக்குத் தனியாக இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வாங்கச் சொல்லுங்கள். பிறகு தம்பியையும் தங்கையையும் கிரயப் பத்திரத்திலேயே விற்பவர்களாகச் சேருங்கள். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தனியாக எழுதலாம் என்று யாராவது சொன்னால் முத்திரைத் தீர்வை எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். அத்தை தன் அண்ணன் மகனுக்கு எழுதுவதற்குக் குடும்ப உறுப்பினருக்கான சலுகை கிடைக்குமா என்பதையும் கேளுங்கள்.

மஸ்கட் மகள் வர முடியாவிட்டால் தனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட எழுதும் அதிகாரப் பத்திரத்துக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பட்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

பதில் 2: பழைய லோன் மேனேஜர்

31 ஆண்டுகள் வங்கியில் இருந்தவன். 2003ஆம் ஆண்டுப் பதிவைப் பற்றி: கடனை அடைத்தால் மட்டும் வில்லங்கத்திலிருந்து அது இறங்காது. கடன் தீர்ந்தது என்று வங்கி ரசீது எழுதிக் கொடுத்து, அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தக் காலத்தில் பாதிப் பேர் பத்திரம் கைக்கு வந்த சந்தோஷத்தில் இதை மறந்துவிட்டார்கள். கிளை மூடியிருந்தாலும் இணைந்திருந்தாலும் இப்போதைய வங்கிதான் செய்து தர வேண்டும். அலைச்சல் விற்பவருடையது, நீங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வங்கி வக்கீலைப் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: அவர் எழுதும் கருத்து வங்கிக்கு. வீட்டில் ஓட்டை விழுந்தாலும் வங்கிக்கு உங்கள் சம்பளம் இருக்கிறது. உங்களுக்கு என்ன இருக்கிறது?

ஒன்று உங்களுக்குப் பின்னால் உதவும். இப்போதெல்லாம் கடனை முடித்த 30 நாளில் அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ரிசர்வ் வங்கியின் இந்த விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மாறும் வட்டிக் கடனை வேறு வங்கிக்கு மாற்றினால் தனிநபரிடம் அபராதம் வாங்கவும் கூடாது. ஆனால் புதிய வங்கிக்காகப் பத்திர ஒப்படைப்பை மறுபடி பதிய வேண்டும், முத்திரைத் தீர்வையும் மறுபடி. கால் சதவீத வட்டிக்கு ஆசைப்பட்டு மாறுகிறவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதே இல்லை.

பதில் 3: சூடுபட்ட பூனை

20 ரூபாய்த் தாளை நம்பி மூன்று லட்சத்தை இழந்தவன் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய உடன்படிக்கையைப் பதிவு செய்வது கட்டாயம். நான் பதியவில்லை. வீடு வேறு ஒருவருக்குக் கைமாறியது எனக்கு அவர்கள் புதுமனை புகுவிழாவன்றுதான் தெரிந்தது.

மேலும், விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1% வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறோம், ஒவ்வொருவருக்கும் 50 லட்சத்துக்குக் குறைவுதானே என்று சொல்லித் தப்ப முடியாது. மொத்த விலையைத்தான் பார்ப்பார்கள். மஸ்கட்காரருக்கு அந்த 1% கணக்கும் செல்லாது, விகிதம் அதிகம். ஆடிட்டரைப் பாருங்கள் அக்கா.

பாளை தபால்காரி:

எல்லாருக்கும் நன்றி. முன்பணம் கொடுக்கவில்லை. ரசீதுக்காக மூத்த மகன் வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நேற்று அவரையும் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் போனேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு சான்றிதழை வாங்கி, ஐந்தாவது வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "அம்மா பெயர் இதில் இருப்பதை மதினி இத்தனை வருடமாக என்னிடம் சொல்லவே இல்லையே" என்றார். பிறகு காப்பி கொடுத்தார். கையெழுத்துப் போடுகிறாராம், எவ்வளவு என்பதை அவர்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். தென்காசிக்காரர் இன்னும் தொலைபேசியை எடுக்கவில்லை.