லப்பரஸ்கோப்பி ஒப்பரேசனுக்குப் பிறகு தோள் வலி: உங்களுக்கும் வந்ததா?

இரணைமடுக்காரி:

மாசி மாதம் எனக்குச் சூலகக் கட்டி ஒன்றை லப்பரஸ்கோப்பி முறையில் எடுத்தார்கள். தொப்புளில் ஒரு துளை, அடிவயிற்றில் இரண்டு. மூன்று காயத்தையும் சேர்த்தாலும் ஒரு விரல் நீளம் வராது. சின்னக் காயம்தான், இரண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே நடந்தது. ஆனால் ஒருவரும் சொல்லாத ஒன்று அன்றிரவு வந்தது.

வயிற்றைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. வலது தோளைத்தான் முடியவில்லை. எழும்பி இருந்தால் குத்தும், சரிந்து படுத்தால் கொஞ்சம் குறையும், மூச்சை இழுத்து விட்டால் திரும்பவும் பிடிக்கும். அந்தத் தோளில் 2009 இல் போரின்போது பட்ட செல்துண்டு (எறிகணைச் சிதறல்) ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறது. மழைக்காலத்தில் உளையும், நெல் மூட்டை தூக்கினால் உளையும். மயக்கத்தில் கிடந்தபோது கையை இழுத்து வைத்ததில் துண்டு நகர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா, "நெஞ்சுக்குத்தாக இருக்கும் பிள்ளை, மிஸ்ஸியைக் கூப்பிடு" என்றார். நான் கூப்பிடவில்லை. துண்டு என்று தெரிந்தால் இன்னொரு தடவை வெட்டுவார்களே என்ற பயம். விடியும்வரை அழுதபடி கிடந்தேன்.

காலையில் வார்டுக்கு வந்த டொக்டரிடம் சொன்னேன். அவர் கையை உயர்த்தச் சொன்னார். உயர்த்த முடிந்தது, உயர்த்தியதால் வலி கூடவும் இல்லை. "இது துண்டு இல்லை அம்மா, வயிற்றுக்குள் விட்ட காற்று" என்றார். உள்ளே பார்த்து வேலை செய்ய இடம் வேண்டுமென்று காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி வயிற்றை ஊத வைக்கிறார்கள். முடிந்ததும் வெளியே விட்டாலும் கொஞ்சம் மிஞ்சிவிடும். நாங்கள் எழும்பி இருக்கும்போது அது மேலே ஏறி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற பிரிமென்றகட்டின் கீழே நின்று உறுத்துகிறது. அந்தத் தகட்டுக்கு வரும் நரம்பும் தோளில் உணர்ச்சி தரும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்தில் புறப்படுகின்றனவாம். அதனால் நோவு கீழே இருக்க, தோள் நோவதாக மூளை எடுத்துக்கொள்கிறது.

வலி உடனே குறையவில்லை. ஆனால் பயம் போனது, அன்று பகல் நன்றாக நித்திரை கொண்டேன். அடுத்த இரண்டு நாளில் அது தானாகவே விட்டுப் போனது. இந்த இரண்டு வார்த்தையை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த இரவு எனக்கு வந்திருக்காது.

அடுத்த மாதம் என் மச்சாளுக்கும் இதே ஒப்பரேசன். உங்களுக்கு எது உதவியது என்று எழுதுங்கள்.

புதுக்குடியிருப்பு அக்கா:

தங்கச்சி, எனக்குப் பித்தப்பைக் கல்லுக்குச் செய்தது. தோள் வலி எனக்கும் வந்தது, ஆனால் ஒரு நாள்தான். நான் விட்ட பிழை மாத்திரையில். நோகாத நேரத்தில் எதற்கு மருந்து என்று விட்டுவிடுவேன். பிறகு நடுச்சாமத்தில் தாங்க முடியாமல் எழும்பி இரண்டைப் போட்டால், அது வேலை செய்ய ஒரு மணித்தியாலம் எடுக்கும். மூன்றாம் நாள்தான் நேரத்துக்கு நேரம் போடத் தொடங்கினேன், அதற்குப் பிறகு இரவில் எழும்பவில்லை.

வீட்டுக்கு வரும்போது மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் பஸ் ஏறினேன். சின்னத் தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி வந்ததால் குலுக்கம் தெரியவில்லை. இருமும்போதும் தும்மும்போதும் அதே தலையணைதான். இன்னொன்று, மலச்சிக்கல். கடும் வலிமருந்து தந்தால் அது பெரும்பாலும் வரும். முக்கினால் காயம் எல்லாம் நோகும். மாமி பத்தியம் என்று வெறும் சோறும் சரக்குத் தண்ணியும் தந்தார். நான் இலைக்கஞ்சியும் வாழைப்பழமும் கேட்டு வாங்கினேன்.

பரந்தனிலிருந்து:

மனைவிக்காக எழுதுகிறேன். ஐந்தாம் நாள் சுகம் என்று நினைத்துக் கிணற்றில் தண்ணீர் அள்ளினா. தொப்புள் காயம் விண்ணென்று நோகத் தொடங்கி இரண்டு நாள் படுத்துவிட்டா. வெளியே காயம் சின்னன், உள்ளே தசை ஆற வாரக்கணக்கில் எடுக்கும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். வாளி, விறகு, பிள்ளையைத் தூக்குவது எல்லாவற்றையும் வீட்டில் இருக்கிற மற்றவர்கள் பார்க்க வேண்டும்.

வவுனியாத் தாதி:

நான் வார்டில் பார்த்ததைச் சொல்கிறேன். மச்சாளை ஒப்பரேசனுக்கு முன் மயக்க மருந்து டொக்டர் பார்ப்பார், அப்போதே தோள் வலியைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். முடிக்கும்போது தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, நுரையீரலைச் சில தடவை நன்றாக ஊத வைத்து, வயிற்றை அழுத்தி வாயுவை வெளியேற்றினால் வலி குறைகிறது. முடிந்தவரை குறைந்த அழுத்தத்தில் வாயு விடுவதும், துளையிட்ட இடங்களில் விறைப்பு ஊசி போடுவதும் உண்டு. கேட்டால் எவரும் கோபிக்க மாட்டார்கள்.

பரசிற்றமோல் 500 மில்லிகிராமில் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். மெலிந்த உடம்புக்காரரும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் அளவைக் கேட்டே போட வேண்டும். பனடோலும் அதே மருந்துதான், இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். டைக்குளோபெனாக் என்ற வலிமருந்தைக் கடையில் நீங்களாக வாங்கவே கூடாது. எங்கள் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் நிறையப் பேர், சிலருக்கு அது இருப்பதே தெரியாது. குடற்புண், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அது ஆபத்து.

அன்றே மெல்ல எழும்பி வார்டுக்குள் நடக்கட்டும். தோளுக்குச் சூட்டுப் பை வைக்கலாம், காயத்தில் வைக்க வேண்டாம். வலி நாளுக்கு நாள் கூடினால், காய்ச்சல், ஓயாத வாந்தி, வயிறு வீங்கி இறுகுதல், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், மூச்சு முட்டுதல் என்றால் அது காற்று வலி என்று வீட்டில் இருக்கக் கூடாது. அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

முள்ளியவளை:

எனக்கு இடது தொடையில் துண்டு இருக்கிறது. வைகாசியில் ஒப்பரேசன். அதைச் சொல்ல வேண்டுமா மிஸ்?

வவுனியாத் தாதி:

கட்டாயம் சொல்லுங்கள் அம்மா. இரத்தத்தை நிறுத்த மின்சாரக் கருவி பாவிப்போம், அதற்கு உடம்பில் ஒரு தகடு ஒட்ட வேண்டும். பெரும்பாலும் தொடையில்தான் ஒட்டுவது. உலோகம் இருக்கிற இடத்துக்கு மேலே ஒட்டக் கூடாது. இடது தொடை என்று கிளினிக் கொப்பியில் எழுதுவித்து, தியேட்டருக்குள் போகும்போதும் வாயால் ஒரு தடவை சொல்லுங்கள்.

இரணைமடுக்காரி:

நான் அதைச் சொல்லவே இல்லை. மச்சாளுக்கு முதுகில் இரண்டு இருக்கிறது. இன்றைக்கே போய்ச் சொல்கிறேன்.