கஞ்சா பற்றிய ஒரு மாணவனின் கேள்விக்கு எப்படி விடை சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்துப் பிள்ளைகளுடன் கலந்துரையாடும் வகுப்பொன்றை நடத்தி வருகிறேன். சென்ற வாரம் ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன், "ஐயா, கனடாவில் 2018 முதல் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறதே, அங்கே குற்றமில்லாதது இங்கே எப்படித் தவறாகும்?" என்று கேட்டான். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின்படி 200 கிராமோ அதற்கு மேலோ கஞ்சா வைத்திருப்பவர், மாறாக நிரூபிக்கப்படும் வரை, கடத்துபவராகவே கருதப்படுவார் என்றும், 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்ட பிறகும் அத்தண்டனையை விதிக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு என்றும் விளக்கினேன். "நான் கேட்டது சட்டத்தை அல்ல ஐயா, நியாயத்தை" என்றான்.

பிறருக்குத் தீங்கு செய்யாதவரை ஒருவரின் செயலில் தலையிடலாகாது என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால், சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் ஒருவரை மட்டும் பாதிக்கும் பழக்கம் என்று ஏதேனும் உண்டா? சம்பள நாளில் கள்ளுக்கடையில் கரைந்த பணத்தைப் பற்றிப் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடுவதும் தொழிலாளர் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. இருப்பினும், மதுவை அனுமதித்துக் கஞ்சாவை மட்டும் விலக்குவது ஏன் என்று அவன் அடுத்துக் கேட்டால், நேர்மையான விடை என்னிடம் இல்லை.

ஆசிரியர்களும் ஆலோசகர்களும் பெற்றோரும், பிள்ளைகளை மிரட்டாமல் இதை எப்படிப் பேசினீர்கள் என்று வரும் வெள்ளிக்குள் எழுதி உதவ வேண்டுகிறேன்.