ஹிஃப்-1 ஆல்ஃபா பட்டை வரவே இல்லை: ஆன்டிபாடியை மாற்றணுமா?

கேள்வி (டர்பன்)
அண்ணா, அக்கா, வணக்கம். ஆக்சிஜன் குறைந்தால் செல்லில் சேரும் ஹிஃப்-1 ஆல்ஃபா புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் பட்டையாகக் காணும் முறை) தேடுகிறோம். ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களை 1% ஆக்சிஜனில் 6 மணி நேரம் வைத்து, வெளியே எடுத்து, டிரிப்சின் போட்டுப் பிரித்து, ரிபா பஃபரில் உடைக்கிறோம். 30 மைக்ரோகிராம் புரதம், 10% ஜெல். ஒப்பீட்டுக்கான டியூபுலின் புரதம் பளிச்சென்று வருகிறது. ஆனால் 93 கிலோடால்டனில் ஒன்றுமில்லை. 70 பக்கம் ஒரு தடித்த பட்டை. சாதாரண ஆக்சிஜனில் வளர்ந்த செல்லிலும் அது அதே அளவுதான். ஆன்டிபாடி 1:1000. புதிது வந்து சேர வாரக்கணக்காகும். ஆர்டர் போடலாமா?

பதில் (கேப் டவுன்)
இப்போதைக்கு வேண்டாம் தம்பி. உங்கள் புரதம் ஜெல்லுக்கு வரும் முன்பே அழிந்திருக்கிறது. ஆக்சிஜன் பட்டதும் புரோலில் ஹைட்ராக்சிலேஸ் நொதிகள் அதன் 402, 564ஆம் புரோலின் அமினோ அமிலங்களை மாற்றும்; விஎச்எல் என்ற புரதம் அதைப் பிடித்து, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமுக்கு அனுப்பிவிடும். அரை ஆயுள் சுமார் 5 நிமிடம். டிரிப்சினும் சென்ட்ரிஃப்யூஜும் முடிவதற்குள் எல்லாம் போய்விடும்.

டிரிப்சினை விட்டுவிடுங்கள். முடிந்தால் ஹைபாக்ஸியா (குறைந்த ஆக்சிஜன்) அறைக்குள்ளேயே மீடியத்தை உறிஞ்சிவிட்டு, கொதிக்கும் லேம்லி பஃபரை (ஜெல்லில் ஏற்றும் மாதிரிக்கான கரைசல்) நேராகத் தட்டில் ஊற்றிச் சுரண்டுங்கள். டிஎன்ஏ கோழைபோல் இழுக்கும். சோனிகேட் செய்யுங்கள் (ஒலி அதிர்வால் உடையுங்கள்), அல்லது மெல்லிய ஊசியில் பலமுறை இழுத்து விடுங்கள்.

இன்னொன்று, 93 என்பது கணக்குப்படி வரும் எடை. ஜெல்லில் 110–120இல்தான் தெரியும், அங்கே பாருங்கள். 8% ஜெல், 40–50 மைக்ரோகிராம், ஈர டிரான்ஸ்ஃபர் 100 வோல்ட்டில் 90 நிமிடம். இரண்டு நிலையிலும் மாறாத அந்த 70 பட்டை பெரும்பாலும் வேறு புரதம்.

கேள்வி கேட்டவர்
நன்றி அக்கா. அப்படியும் வராவிட்டால் ஆன்டிபாடியில்தான் பிழை என்று எப்படி உறுதி செய்வது?

பதில் (கேப் டவுன்)
சாதாரண ஆக்சிஜனிலேயே, அந்த நொதிகளைத் தடுக்கும் கோபால்ட் குளோரைடு 150 மைக்ரோமோலார் 4–6 மணி நேரம், இல்லையென்றால் புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி-132 10 மைக்ரோமோலார் 4 மணி நேரம் செல்களுக்குக் கொடுங்கள். இதில் 120 பக்கம் பட்டை வந்தால் ஆன்டிபாடி வேலை செய்கிறது, ஹைபாக்ஸியா மாதிரியில்தான் கோளாறு. வராவிட்டால் தாராளமாக மாற்றலாம். வந்த பட்டை ஹிஃப்-1 ஆல்ஃபாதானா என்பதற்கு அந்தப் புரதம் உருவாவதைக் குறைக்கும் எஸ்ஐஆர்என்ஏ (சிறு ஆர்என்ஏ) போட்டு அது குறைகிறதா பாருங்கள். 786-ஓ சிறுநீரகச் செல்லும் நல்ல எதிர்மறைக் கட்டுப்பாடு: அதில் ஹிஃப்-1 ஆல்ஃபா இல்லை, அதன் உறவுப் புரதமான ஹிஃப்-2 ஆல்ஃபா மட்டுமே உண்டு. கோபால்ட் கலந்த மீடியத்தைத் தொட்டியில் கொட்டாதீங்க, கன உலோகக் கழிவுப் புட்டியில் சேருங்க.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
அக்கா சொன்னதோடு ஒன்று. மின்வெட்டு நேரத்தில் ஆன்டிபாடி உருகி உறைந்ததா என்றும் பாருங்க தம்பி. 50% கிளிசரால் உள்ளது -20இல் உறையாது, பயமில்லை. கிளிசரால் இல்லாததைச் சிறு குழாய்களில் பிரித்து வையுங்க. தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் வேண்டவே வேண்டாம். நீர்த்த முதல் ஆன்டிபாடியைத் திரும்பப் பயன்படுத்த, கெடாமல் காக்கும் சோடியம் அசைடு சேர்த்திருந்தால், எச்ஆர்பி (சிக்னல் தரும் நொதி) ஒட்டிய இரண்டாவது ஆன்டிபாடியைப் போடும் முன் நன்றாகக் கழுவணும். எச்ஆர்பி கரைசலில் அசைடு கலந்தால் சிக்னல் செத்துவிடும்.