சேலத்தில் குழுக்கடன் கம்பெனி ஃபீல்டு வேலை: சேரும் முன் கிளையின் லட்சணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மெய்யனூர்_பிகாம் (கேள்வி)

வணக்கம். சேலத்தில் ஒரு என்பிஎஃப்சி-யில் (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) ஃபீல்டு ஆபீசர் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. பெண்கள் குழுக்கடன். அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி பக்கம் சென்டர்கள் (குழுப் பெண்கள் கூடித் தவணை கட்டும் இடங்கள்), வாரத்தில் இரண்டு நாள் ஏற்காடு. சிடிசி (கம்பெனி எனக்காகச் செய்யும் மொத்தச் செலவு) மாதம் 21,000, இன்சென்டிவ் தனியாம். கம்பெனி பெயரைப் போட்டு ரிவ்யூ தேடினால் ஒருவர் 'குடும்பம் மாதிரி' என்கிறார், அடுத்தவர் 'ஞாயிற்றுக்கிழமைகூட நிம்மதி இல்லை' என்கிறார். இருவருமே ஒரே கிளையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள்.

சேருவதற்கு முன்பே உள்ளே எப்படி என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? இன்டர்வியூவில் என்ன கேட்கலாம்? வசூல் குறைந்தால் கைக்காசு போடச் சொல்வார்கள் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

—

ஓமலூர்_ரோடு

தம்பி, ரிவ்யூவை ஓரமா வைங்க. கம்பெனி கல்ச்சர்ங்கறது ஹெட் ஆபீஸ் சுவத்துல ஃப்ரேம் போட்டுத் தொங்கும். உங்களுக்குக் கிடைக்கப் போறது கிளை மேனேஜரோட கல்ச்சர். அதைத் தெரிஞ்சுக்க ஒரே கேள்வி போதும்: "ஒரு மெம்பர் தவணை கட்ட வரலைன்னா, அன்னிக்கு சாயங்காலம் கிளையில என்ன நடக்கும்?"

ஒரு சென்டர்ல 15 பேர்னு வைங்க. 14 பேர் கட்டிட்டாங்க, ஒருத்தர் வரலை. ஒழுங்கான கிளையில அந்த 14 பேருக்கு ரசீது போட்டு, வராதவரை 'பாக்கி'ன்னு காரணத்தோட ஆப்ல ஏத்திட்டு அடுத்த சென்டருக்குக் கிளம்பிரலாம். மோசமான கிளையில "பதினஞ்சும் வராம எந்திரிக்காதே"ன்னு போன் வரும். கட்டினவங்களையும் சேர்த்து உக்கார வெப்பாங்க. அங்க ஒரு மணி நேரம் போச்சுன்னா அடுத்த சென்டர்ல காத்திருந்த பொம்பளைங்க கூலி வேலைக்குக் கலைஞ்சு போயிருவாங்க. ஒரு தவணைக்காகப் பத்துத் தவணை போகும். சாயங்காலம் "ஏன் ரெண்டு சென்டர் ஷார்ட்?"ங்கற விசாரணை நடக்கும்.

கைக்காசு விஷயம் அங்கதான் ஆரம்பிக்குது. "உன் காசைப் போடு"ன்னு யாரும் மெயில் அனுப்ப மாட்டாங்க. "எப்படியாச்சும் க்ளோஸ் பண்ணு"ம்பாங்க. ஆயிரம் ரூபாதானே, அடுத்த வாரம் வாங்கிக்கலாம்னு தோணும். ஆனா நடக்கறது என்னன்னா, சிஸ்டத்துல அந்த மெம்பர் ஒரு நாள்கூட தவறாதவரா நிப்பார். ரெக்கார்டு சுத்தமா இருக்கறதால டாப்-அப் லோன் (இருக்கற கடனுக்கு மேல கூடுதல் கடன்) பாஸ் ஆகும். பழைய 1,000 தவணையே கட்ட முடியாதவர் தலையில 1,800 தவணை ஏறும். அது மொத்தமா நிக்கும்போது உங்க காசும் போச்சு, "தகுதி இல்லாதவருக்கு லோன் சிபாரிசு பண்ணினது நீதானே"ங்கற பழியும் வரும். ரெண்டு பக்கமும் அடி.

ரிசர்வ் வங்கி 2022-ல கொண்டு வந்த குழுக்கடன் விதியிலேயே இதுக்கு விடை இருக்கு. ரெண்டு தரப்பும் பேசி வெச்ச பொது இடத்துலதான் வசூல். மெம்பர் அடுத்தடுத்து ரெண்டு தடவை அங்க வராம போனாத்தான் வீட்டுக்கோ வேலை பார்க்கற இடத்துக்கோ போகலாம். காலை 9-க்கு முன்னாடியும் சாயங்காலம் 6-க்கு அப்புறமும் போன் போட்டு நச்சரிக்கக் கூடாது. முதல் தடவை தவறினதுக்கே ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு வாசல்ல நிக்கச் சொல்ற மேனேஜர், புகார்னு வந்தா உங்க பேரைத்தான் எழுதிக் கொடுப்பார்.

இதை இன்டர்வியூவிலயே கேளுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க. "அப்படியெல்லாம் நம்ம கிளையில பாக்கியே விழாது"ன்னு பதில் வந்தா உஷார். ஆடிப் பண்டிகை வாரத்துல சேலத்துல பாக்கி விழாத சென்டர் எங்க இருக்கு?

—

தணிக்கை_மேசை

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். மாதக் கடைசியில் ஏன் இத்தனை கூச்சல் என்பதற்குக் காரணம் உண்டு. தவணை தவறிய நாளிலிருந்து 30 நாள் வரை ஒரு பக்கெட் (நிலுவைப் பிரிவு), 60 வரை அடுத்தது, 90 வரை மூன்றாவது. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். ரிசர்வ் வங்கியின் 2021 நவம்பர் சுற்றறிக்கைக்குப் பிறகு, வாராக்கடன் ஆன கணக்கை ஒரு தவணை வாங்கி மீட்க முடியாது. அசல், வட்டி நிலுவை முழுவதும் வந்தால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் 85-ஆம் நாளில் இருக்கும் கணக்குக்கு மேலிருந்து கீழ்வரை எல்லோரும் பதறுவார்கள். அந்தப் பதற்றம் நியாயமானதே. அதை 85-ஆம் நாளில்தான் முதன்முதலாகப் பேசுகிற கிளை சரியில்லை. 10-ஆம் நாளிலேயே பட்டியல் போட்டு யார் போய்ப் பார்ப்பது என்று பிரித்துக்கொடுக்கும் கிளையில் மாதக் கடைசியும் சாதாரண நாள் போலத்தான் போகும்.

உங்களுக்கு இதைவிட முக்கியம், ரூட் கைமாற்றம். நீங்கள் போகும் ரூட்டை இதற்கு முன் பார்த்தவர் எங்கே, எத்தனை மாதம் இருந்தார், ஏன் போனார் என்று கேளுங்கள். ஒரு வருடத்தில் மூன்று பேர் மாறிய ரூட் என்றால் பணம் எங்கோ ஒழுகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சேர்ந்த முதல் பதினைந்து நாளில் செய்ய வேண்டியது: சிஸ்டத்தில் உள்ள நிலுவைப் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு மெம்பரின் கடன் அட்டையோடும் ஒப்பிடுங்கள். மூன்று வகைக் கோளாறு வரும். அட்டையில் கட்டியதாகக் கையெழுத்து இருக்கும், சிஸ்டத்தில் வந்திருக்காது; அது பழைய ஆள் எடுத்த பணம். சிஸ்டத்தில் வந்திருக்கும், மெம்பர் 'நான் கட்டவில்லையே' என்பார், அது கைக்காசு. தன் பெயரில் கடன் இருப்பதே அந்த மெம்பருக்குத் தெரியாது. அது பினாமிக் கடன், பெரும்பாலும் சென்டர் லீடர் வாங்கியிருப்பார். எதுவானாலும் அன்றே மெயிலில் மேனேஜருக்கும் தணிக்கைப் பிரிவுக்கும் எழுதிவிடுங்கள். வாய்ச்சொல்லும் வாட்ஸ்அப்பும் போதாது. கைமாற்றத் தாளில் 'அனைத்தும் சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் மூன்றாம் மாதம் அது உங்கள் கணக்கு.

ரொக்கத்தில் ஒரே ஒரு விதி, அதில் மட்டும் சமரசமே கிடையாது: மெம்பரின் பணம் உங்கள் சொந்த யுபிஐ எண்ணுக்கு வரவே கூடாது. 'சில்லறை இல்லை, உங்க ஜிபேக்கு அனுப்பிடறேன்' என்பார்கள். கம்பெனி கியூஆர் வேலை செய்யாவிட்டால் ரொக்கமாக வாங்குங்கள், இல்லையென்றால் பாக்கி போடுங்கள். அன்று மாலையே நீங்கள் கம்பெனிக்குக் கட்டிவிட்டாலும், தணிக்கையில் வங்கி அறிக்கை கேட்கும்போது அது கையாடல் தலைப்பின் கீழ்தான் வரும். வசூல் ரொக்கத்தை 500, 200, 100 என்று எண்ணிக்கை எழுதி, அன்றே கிளையில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வீட்டில் ஒரு ராத்திரிகூட வைக்க வேண்டாம். வழியில் பறிபோனால் காப்பீடு எவ்வளவு தொகை வரை என்று கேட்டு, அதற்கு மேல் பையில் சேர விடாதீர்கள்.

—

சங்ககிரி_டீசல்

வண்டி ஃபைனான்ஸ் பக்கம் வேற மாதிரிங்க. லாரி ஓனர் பணம் இருந்தும் கட்டாதவர் இல்லை. எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், காலாண்டு வரி எல்லாம் ஒரே மாசத்துல வந்தா தவணை தள்ளும். அந்த மூணு தேதியையும் ஒவ்வொரு வண்டிக்கும் எழுதி வெச்சுக்கிட்டா பாதி சண்டை இல்லை. அங்க போன் நேரம் காலை 8 முதல் ராத்திரி 7 வரை. தவணை கட்டாத வண்டியைத் தூக்கற வேலைக்கு மட்டும் போயிராதீங்க. வசூல் ஏஜென்டுன்னா டிஆர்ஏ (கடன் வசூல் முகவர்) சான்றிதழ் வேணும். டிகிரி முடிச்சவங்களுக்கு 50 மணி நேரப் பயிற்சி, மத்தவங்களுக்கு 100. அதை வாங்கித் தராம "சும்மா கூடப் போய் நில்லு"ம்பாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல தகவல் கடிதம் கொடுத்த நகலும், வண்டியில இருந்த சாமான் பட்டியலும் கையில இல்லாம வண்டியைத் தொட்டா திருட்டுக் கேஸ் வரும்.

எல்லா இடத்துலயும் கொடுமைன்னும் சொல்ல முடியாது. மூணு வருஷம் தாக்குப் பிடிச்சவங்களுக்கு கிளை மேனேஜர் பதவி இந்தத் தொழில்ல சீக்கிரமா வருது. பி.காம்.க்கு வேற எங்க வருது?

—

மெய்யனூர்_பிகாம்

நன்றி. நிலுவைப் பட்டியல் விஷயம் இதுவரை யாரும் சொல்லாதது. இரண்டு சந்தேகம். பெட்ரோல் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் தருவார்களாம், ஏற்காட்டுக்கு அது கட்டுப்படியாகுமா? ஒரிஜினல் சர்டிபிகேட், தேதி போடாத ஒரு செக் இரண்டையும் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

—

அடிவாரம்_20

ஏற்காடு பெட்ரோலை முதல்ல பேசுவோம். சேலம் டவுன்ல இருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். போக வர 60, மேல போய் நாகலூர், வெள்ளக்கடைன்னு சுத்தினா 90 ஆயிரும். 90-க்கு 270 ரூபா. சமதளத்துல லிட்டருக்கு 45 தர்ற வண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா 35 தந்தாலே புண்ணியம். ரெண்டரை லிட்டருக்கு மேல போகும், பெட்ரோலுக்கே கிட்டத்தட்ட முழுசும் சரியாப் போச்சு. பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், டயர் எல்லாம் உங்க கைக்காசு. இது யாரும் சொல்லாத கைக்காசு!

பணத்தைவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு: தூரத்தை ஆப் எப்படிக் கணக்குப் போடுதுன்னு கேளுங்க. சென்டருக்குச் சென்டர் செக்-இன் பண்ணின புள்ளிகளை நேர்க்கோட்டுல இணைச்சுக் கணக்குப் போட்டா மலையில உங்க கதை முடிஞ்சுது. ரோடு வளைஞ்சு வளைஞ்சு ஏறும், ஆப் பறவை மாதிரி நேராப் பறக்கும். ஓடோமீட்டர் போட்டோவுக்கு ஒத்துக்கிட்டாத்தான் மலை ரூட்டுக்கு சரி சொல்லுங்க, இல்லைன்னா மலை நாளுக்குத் தனிப்படி கேளுங்க.

சில சென்டர்கள்ல சிக்னல் கிடைக்காது. ஆஃப்லைன் ரசீது ஆப்ல உண்டா? இல்லைன்னா கையெழுத்து ரசீதுப் புத்தகம் வாங்கிட்டுப் போங்க. "கீழ வந்து போட்டுக்கலாம்"னு பேரை மட்டும் எழுதிட்டு வந்தா ரெண்டு பேர் கணக்கு கண்டிப்பா மாறும். இறங்கும்போது ரெண்டாவது கியர், இன்ஜினை அணைச்சு உருட்ட வேண்டாம். மதியம் மூணு மணிக்கு மேல மூடுபனி இறங்குற நாள்ல கடைசி சென்டரை காலைக்கு மாத்திக்கற சுதந்திரம் உங்களுக்கு இருக்கா, அதையும் கேளுங்க.

காபி பறிப்பு நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரை. அப்போ கையில காசு புழங்கும், மழை மாசத்துல எஸ்டேட் வேலை குறையும். ஊருக்குள்ள இருக்கற அதே டார்கெட்டை மலைக்கும் வருஷம் முழுக்க ஒரே மாதிரி போடற கிளைன்னா அவங்களுக்கு மலை தெரியாதுன்னு அர்த்தம்.

—

தணிக்கை_மேசை

செக் கொடுக்காதீர்கள். தேதி போடாத செக் எந்த நாளிலும் எந்தத் தொகைக்கும் உங்கள் மேல் திரும்பும். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். பிடித்துத்தான் வைப்போம் என்றால், எந்தெந்தச் சான்றிதழ், என்று திருப்பித் தருவார்கள் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்காமல் தரக்கூடாது. எழுதித் தர மறுத்தால் அந்த வேலைக்குப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து.

21,000 சிடிசி கைக்கு எவ்வளவு வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தச் சம்பளம் 19,000, அதில் அடிப்படை 12,000 என்று வைத்தால் பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 143. கைக்கு 17,417. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 618 இரண்டையும் சேர்த்துத்தான் 21,058 என்று சிடிசி காட்டுவார்கள். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை தனி. இன்சென்டிவ் எந்தச் சதவீத வசூலுக்குக் கீழே பூஜ்யமாகும் என்பதைக் கேளுங்கள். 99-க்குக் கீழே ஒன்றும் இல்லை என்றால், அந்த ஒரு சதவீதத்துக்காகத்தான் கைக்காசு போடுகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

பிடித்தம் பற்றி: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ரொக்கம் குறைந்தால் உங்கள் அலட்சியத்தால்தான் என்று காட்டி, விளக்கம் கேட்ட பிறகே பிடிக்கலாம். மெம்பர் கட்டாத தவணை உங்கள் ரொக்கக் குறைவு ஆகாது. இந்த வித்தியாசத்தைச் சம்பளச் சீட்டில் கவனியுங்கள். வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கி வர வேண்டும்.

—

செவ்வாப்பேட்டை_கல்லா

ஃபீல்டு வேண்டாம்னு நகைக்கடன் கிளைக்கு மாறலாம்னு நினைச்சா ஒரு விஷயம். வெயில் இல்லை, ஆனா சாவி உண்டு. லாக்கருக்கு ரெண்டு சாவி, ரெண்டு ஆள். ஒருத்தர் லீவு போட்டா சாவி கைமாறும்போது நகைப் பாக்கெட் எண்ணிக்கை அத்தனையும் ரிஜிஸ்தரோட ஒத்துப்போகணும். பல கிளையில "நேரமாச்சு, கையெழுத்துப் போடு"ம்பாங்க. எண்ணாம போட்ட கையெழுத்துக்கு அப்புறம் ஒரு பாக்கெட் குறைஞ்சாலும் நீங்கதான் பொறுப்பு. சாவி வாங்கினவருக்கு லீவு கிடைக்கறது குதிரைக் கொம்பு, அதையும் கணக்குல சேர்த்துக்குங்க.

—

ஓமலூர்_ரோடு

கடைசியா ஒண்ணு. வர்ற 30-ந் தேதி சாயங்காலம் ஏழரைக்கு அந்தக் கிளைக்கு எதிர்ல இருக்கற டீக்கடையில உக்காருங்க. வாசல்ல எத்தனை பைக் நிக்குதுன்னு எண்ணுங்க. ஒம்பதுக்கும் அதே எண்ணிக்கைன்னா ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போட இன்னும் ஒரு வாரம் டைம் கேளுங்க. வெளிய வர்ற பசங்ககிட்ட "சார், இங்க வேலை எப்படி?"ன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க. "நேத்து ஷார்ட் எவ்வளவுங்க?"ன்னு கேளுங்க, மடமடன்னு கொட்டிருவாங்க.