‘தாய்ப்பால்வழித் தொற்று’: ஒரு சொல்லாக்கப் பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

தாயின் உடலிலுள்ள புழு பால் வழியே குட்டியை அடைவதை ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்மேமரி டிரான்ஸ்மிஷன்’ என்பர். அதற்குத் தமிழில் முன்மொழியப்பட்ட ‘பால்வழித் தொற்று’ சுருக்கமானதுதான்; ஆனால் அதைப் படிப்பவர் பால்வினை நோய் என்றோ, காய்ச்சாத பாலைக் குடித்த மனிதருக்கு வரும் புருசெல்லோசிஸ் போன்ற நோய் என்றோ கொள்ள இடமுண்டு. ‘மடிவழித் தொற்று’ மடிநோயோடு குழம்பும். காம்புத் துளை வழியே கிருமி உள்ளே நுழைவது மடிநோய். நாம் பேசுவதோ தாயின் உடலிலிருந்து புழு வெளியேறும் எதிர்த்திசைப் பயணம்.

எருமைகளைத் தாக்கும் டாக்சோகாரா விட்டுலோரம் என்னும் உருண்டைப்புழுவை எடுத்துக்கொள்வோம். மேய்ச்சலில் முட்டைகளை விழுங்கிய எருமையின் திசுக்களில் இளம்புழுக்கள் வளராமல் முடங்கிக் கிடந்து, ஈனும் பருவத்தில் மடிக்கு நகர்ந்து, ஈன்ற முதல் வாரத்துப் பாலில் மிகுதியாக இறங்குகின்றன. கன்றின் சிறுகுடலில் அவை முதிர்ந்து, ஏறத்தாழ மூன்று வாரத்தில் முட்டையிடத் தொடங்குகின்றன. தாயின் சாணத்தில் முட்டை தென்படாதபோதும் கன்றுக்கு வயிறு உப்பி, களிமண் நிறத்தில் நாற்றத்துடன் கழிச்சல் கண்டு, சில கன்றுகள் இறந்தும் போகின்றன. ஆகவே, நோய் காணாத தாயே புழுவின் இருப்பிடம் என்பதைச் சொல்லே உணர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘தாய்ப்பால்வழித் தொற்று’ அதைச் செய்கிறது. ‘தொற்று’ என்பதற்குப் பதிலாக ‘கடத்தல்’ என்றால் அது தாயின் பக்கமே நின்றுவிடுகிறது; ‘பரவல்’ மந்தை முழுவதற்குமான சொல்.

‘சீம்பால்வழி’ என்ற மாற்றை அருள்கூர்ந்து கைவிடுவோம். அதைக் கேட்ட பண்ணையாளர் சீம்பாலையே மறுத்துவிட்டால், நோயெதிர்ப்பாற்றல் பெறாத கன்று வேறு நோய்களுக்கு இரையாகும். சீம்பாலைத் தவறாமல் ஊட்டி, பத்து முதல் பதினாறு நாள் வயதிற்குள் பைரன்டெல் போன்ற குடற்புழு நீக்க மருந்தைக் கொடுப்பதே, புழு முட்டையிடும் முன் அதை அகற்றும் முறை.

நாய்களின் கொக்கிப்புழுவுக்கும் இச்சொல் பொருந்தும். பெட்டையின் தசையில் தங்கிய இளம்புழுக்கள் அடுத்தடுத்த ஈற்றுக் குட்டிகளையும் தாய்ப்பால்வழியாகவே அடைகின்றன. மலத்தில் முட்டை தெரியும் முன்பே இரத்தசோகையால் குட்டிகள் மடிவதுண்டு. இதற்கு இணையாக, கருவிலேயே நிகழ்வதை ‘நச்சுக்கொடிவழித் தொற்று’ எனலாம். ‘நாயின் உருண்டைப்புழு பெரும்பாலும் நச்சுக்கொடிவழியாகவும் ஓரளவு தாய்ப்பால்வழியாகவும் குட்டிகளைத் தொற்றுகிறது’ என்று எழுதிப் பார்த்தேன். விளக்கம் வேண்டாமலே பொருள் நிற்கிறது.